தேள்கொடுக்குக் குவியல்

கேதீஸ்வரி படலையைத் திறந்தபோது, வேறு யாருடைய வளவுக்குள்ளோ வந்துவிட்டோம் என்று ஒரு கணம் நினைத்தாள். காலை எட்டு மணிப் படகில் அனலைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும்போது, வேலியோரம் முழுக்க முழங்கால் உயரத்துக்குத் தேள்கொடுக்கு நின்றது. வெளிர் ஊதாப் பூக்கதிர்கள் ஒவ்வொன்றும் தேளின் வாலைப்போல நுனி சுருண்டு, காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. இப்போது மத்தியானம் இரண்டு மணி. ஒரு செடியைக் காணவில்லை. மண்ணில் விளக்குமாறு இழுத்த கோடுகள் வரிவரியாக ஓடின. ஓலைவேலியின் அடிப்பக்கம் குளித்துவிட்டு நிற்பதுபோலத் துலக்கமாகத் தெரிந்தது.

அந்தக் கோடுகள் முடிகிற இடத்தில் அவளுடைய கணவர் வல்லிபுரம் விளக்குமாற்றுடன் நின்றார். முகத்தில் வியர்வையும் பெருமையும்.

"எப்பிடி இருக்குது?" என்றார்.

"இதில நிண்டதெல்லாம் எங்க?"

"பிடுங்கிப்போட்டன். யாழ்ப்பாணத்தில இருந்து படிச்ச பிள்ளை வருகுது எண்டு நீர்தானே சொன்னனீர். உந்தப் பத்தையைப் பார்த்தால் அது எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

"அந்தப் பிள்ளை உந்தப் பத்தையைப் பார்க்கத்தான் வருகுது."

கையிலிருந்த பையை அவள் அப்படியே நிலத்தில் வைத்தாள். உள்ளே நல்ல பிஸ்கற், நான்கு அப்பிள், புதிதாக வாங்கிய ஆறு கண்ணாடிக் குவளைகள். குவளைகள் ஒன்றோடொன்று இடித்து மெல்ல ஒலித்தன. வல்லிபுரத்தின் முகத்திலிருந்த பெருமை மெதுவாக இறங்கியது. ஆனாலும் அவர் விளக்குமாற்றை விடவில்லை.

அவரைக் குறை சொல்லவும் ஏலாது. பதினாறு வயதில் தகப்பனுடைய அரிசிக்கடையில் நிற்பதற்கென்று கேகாலைக்குப் போனவர். ஆள் வருவதற்கு முன் வாசல் சுத்தமாக இருக்கவேண்டும் என்பது அங்கே உடம்பில் ஏறிய பழக்கம். கடை போய் நாற்பது வருடமாகிறது, பழக்கம் போகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கிராமசேவகருக்காகவே முற்றம் கூட்டுகிறவர், பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருகிறது என்றால் சும்மா இருப்பாரா?

ஆனால் கேதீஸ்வரி ஒரு வருடமாக அந்தச் செடிகளைக் காத்து வந்தாள். அதற்குக் காரணம் ஒரேயொரு பூச்சி.

மகன் நிருபன் ரொறொன்ரோவிலிருந்து தன்னுடைய பழைய கைபேசியை ஆள்மூலம் அனுப்பியிருந்தான். அவள் நாளுக்கொரு படம் எடுத்து அவனுக்கு அனுப்புவாள். முருங்கைப் பூ, கிணற்றுக்கட்டில் ஓணான், மழைக்குப் பிறகு வந்த வண்டு என்று எதுவென்றாலும் சரி. கைபேசியில் நேரம் மட்டும் ரொறொன்ரோ நேரமாகவே இருந்தது. அதை அவள் மாற்றவில்லை. எடுத்துப் பார்த்தால் மகன் படுத்திருப்பானா, வேலைக்குப் போயிருப்பானா என்று உடனே தெரியும். அவளுடைய சொந்த நேரத்துக்குச் சுவர்மணிக்கூடு இருந்தது, படகின் சத்தம் இருந்தது. படங்களை ஏதாவது பூச்சிக் குழுவில் போடுங்கோ அம்மா என்று முகநூலில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

போன மாசியில் ஒருநாள் பக்கத்து வளவுச் சின்னத்தங்கத்தின் ஆடு வேலியை நெம்பிக்கொண்டு வந்து தேள்கொடுக்கை மிதித்துத் துவைத்துவிட்டுப் போனது. அது தின்னாது, மிதிக்க மட்டும் வரும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே ஆடு. தடியோடு ஓடிப்போன கேதீஸ்வரி, மிதிபட்ட செடியில் ஒரு பூச்சி இருப்பதைக் கண்டு தடியைக் கீழே போட்டாள். கறுத்த சிறகில் செம்மஞ்சள் சன்னல்கள். உடம்பில் வளையம் வளையமாகச் சிவப்பும், மயில் கழுத்தின் நீலமும். சிறிய நகைப்பெட்டியை யாரோ திறந்து வைத்ததுபோல இருந்தது. ஏழு படங்கள் எடுத்தாள். குளவி என்று எழுதிக் குழுவில் போட்டாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. இது குளவி இல்லை, இடுப்பைப் பாருங்கள், குளவிக்கு இடுப்பு நூலாக ஒடுங்கும், இதற்கு ஒடுங்கவில்லை. இது பகலில் பறக்கிற அந்துப்பூச்சி, குளவியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பறவைகளை ஏமாற்றுகிறது என்று ஒருவர் எழுதினார். யூக்ரோமியா என்று தொடங்குகிற பெயர் ஒன்றையும் தந்தார். தீவுப்பக்கத்திலிருந்து இது எங்கள் பட்டியலுக்கு வந்ததே இல்லை என்று இன்னொருவர் எழுதினார். கேதீஸ்வரி அன்றைக்கு உலையில் அரிசி போட மறந்துபோனாள். மூலப் படத்தை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். அதோடு எல்லாம் முடிந்தது. படத்துக்குள் பதிந்திருந்த நேரம் இரவு ஒன்று பத்து. கனடா நேரம். படத்திலோ வெயில் கொளுத்துகிறது. வேறு எங்கேயோ எடுத்த படம் என்று குழுவை நடத்துகிறவர் எழுதிவிட்டுப் பேச்சை மூடினார். மூடுவதற்கு முன் யாரோ ஒருவர் ஒரு சொல் எழுதியிருந்தார். பொய்க்காரி.

பத்தொன்பது வருடம் முன்பள்ளியில் படிப்பித்தவள் அவள். அந்தச் சொல்லை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. வேலியோரத்துத் தேள்கொடுக்கை மட்டும் வளரவிட்டாள். ஆடு வராமல் முள்ளுக்கம்பி கட்டினாள், கோடையில் தண்ணீரும் ஊற்றினாள். கேதீசுக்குப் பூமரமெல்லாம் அலுத்துப்போச்சு, இப்ப பத்தை வளர்க்கிறாள் என்று சின்னத்தங்கம் கோயிலில் வைத்துச் சொல்லிச் சிரித்தாள். செடிகள் செழித்தன. பூச்சி மட்டும் வரவில்லை. வருடம் முழுக்க ஒன்றுகூட வரவில்லை.

அப்போதுதான் வினோஜா எழுதினாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் பூச்சிகள்பற்றி ஆய்வு செய்கிறவள். ஒதுக்கிய படங்களைப் புரட்டியபோது உங்களுடையதைக் கண்டேன், பூச்சிக்குப் பின்னால் பனையோலை வேலி தெரிகிறது, ரொறொன்ரோவில் யார் பனையோலை வேலி அடைக்கிறார்கள் என்று கேட்டிருந்தாள். வாசித்துவிட்டுக் கேதீஸ்வரி தனியே சிரித்தாள். ஆனால் சண்டைபட்ட ஒரு படத்தை வைத்துப் பட்டியலில் சேர்க்க முடியாதாம். கண்ணால் பார்க்கவேண்டும். மாசி முடியப் பட்டியல் முடிகிறது. அதற்குள் ஒருநாள்தான் வரலாம், காலைப் படகில் வந்து மூன்று மணிப் படகில் திரும்பவேண்டும்.

அந்த ஒருநாள் நாளைக்கு. செடிகள் எங்கே என்று கேட்டதற்குக் கிணற்றடிக்குப் பின்னால் குவித்திருப்பதாக வல்லிபுரம் சொன்னார். அவள் போய்ப் பார்க்கவில்லை. செத்ததைப் போய்ப் பார்த்து என்ன?

"அந்துப்பூச்சிக்கு இவ்வளவு பாடோ?" என்றார் அவர், இரவுச் சாப்பாட்டுக்கு முன். "என்ர கடையில சாக்குச் சாக்காக் கிடந்தது. மண்ணிறத்தில, தட்டினால் மா மாதிரி. அதைப் பார்க்க அந்தப் பிள்ளை கடல் கடந்து வருகுது."

அவள் தட்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

மறுநாள் வினோஜா வந்த படகில் அவளைத் தவிர எல்லோரும் அனலைதீவு ஆட்கள்தான். அதனால் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. முப்பது வயதிருக்கும். தொப்பி, தோளில் பை, மடித்த வலை. இறங்கியதும் அன்ரி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை கேதீஸ்வரி சொல்லவில்லை. படலையைத் திறந்து, வழித்துத் துடைத்த வேலியோரத்தைக் காட்டிவிட்டு நின்றாள். வினோஜா கோடுகளைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வாசலில் நின்ற வல்லிபுரத்தைப் பார்த்தாள். விளங்கிக்கொண்டாள்.

"அங்கிள் நல்லாத் துப்புரவாக்கியிருக்கிறியள்" என்றாள். வல்லிபுரம் தலையசைத்தார். அந்த வீட்டில் அவரை யாரோ பாராட்டியது இருபது மணித்தியாலத்தில் அதுதான் முதல் தடவை.

ரீ குடித்த கையோடு இருவரும் புறப்பட்டார்கள். தேள்கொடுக்கு இந்த ஒரு வளவில் மட்டுமா இருக்கிறது? குளக்கரையில் பச்சைப் பசேலென்று ஒரு பெரிய திட்டு நின்றது. ஒரு மணித்தியாலம் அதற்கு முன் குந்தியிருந்தார்கள். தேனீ வந்தது, சின்ன நீல வண்ணத்துப்பூச்சி வந்தது. ஒருமுறை கறுப்பும் மஞ்சளுமாக ஒன்று வேகமாகத் தாண்டியது. வினோஜா வலையோடு பாய்ந்தாள், கேதீஸ்வரி செருப்பை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஓட முடியும் என்று அவளுக்கே தெரியாது. வலையைக் குனிந்து பார்த்தால் உண்மையான குளவி. அது கோபத்தோடு ரீங்கரித்தது. இருவரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

கடற்கரைக்குப் போனார்கள். அடம்பன்கொடி மணலை மூடிப் படர்ந்திருந்தது. இதன் இலையைத்தான் அந்தப் பூச்சியின் புழு தின்னும் என்று சொல்லி, ஒவ்வொரு இலையாகத் திருப்பினாள் வினோஜா. ஓர் இலையின் ஓரம் அரிந்து அரிந்து தின்னப்பட்டிருந்தது. அது எதுவாகவும் இருக்கலாம். ஆனால் கேதீஸ்வரி அந்த இலையை மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்தாள். இருக்கிறது. இங்கேதான் எங்கேயோ இருக்கிறது. என்னை ஒருதரம் காப்பாற்றிவிடு என்று அந்தப் பூச்சியிடம் மனதுக்குள் கேட்டாள். பிறகு வெட்கப்பட்டாள்.

பன்னிரண்டரைக்குத் திரும்பி நடந்தபோது பேச்சுக் குறைந்திருந்தது. அடுத்த வருசம் பார்க்கலாம் அன்ரி என்று மட்டும் வினோஜா ஒருதரம் சொன்னாள். அடுத்த வருடம் என்ற சொல் கேதீஸ்வரியின் காதில் வேறு மாதிரி விழுந்தது. இன்னும் ஒரு வருடம் பொய்க்காரி என்ற அந்தப் பெயரோடு இருக்கவேண்டும்.

சாப்பாடு போட்டாள். சோறு, மீன்குழம்பு, முருங்கைக்காய், சொதி. பசித்து வந்த வினோஜா குழைத்துச் சாப்பிட்டாள். கேதீஸ்வரி இரண்டாம் தரம் சோறு போட அகப்பையோடு குனிந்தபோது, வல்லிபுரம் குசினிக்குள் வந்து நெருப்புப்பெட்டி தேடினார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, நேற்றுச் செடி பிடுங்கிய பழைய சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். விருந்தாளிக்குக் கேட்காமல் அவள் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"இஞ்சேரும், பின்னால குப்பையில குளவி மொய்க்குது. பிள்ளையைக் கிணத்தடிப் பக்கம் விடாதையும். நான் காவோலையைக் கொளுத்திப் போட்டு வாறன்."

போய்விட்டார்.

அகப்பை அந்தரத்தில் நின்றது. கேதீஸ்வரி அப்படியே குனிந்தபடி இருந்தாள். குளவி. குப்பை. எந்தக் குப்பை? அந்தப் பின்வளவில் நேற்றைக்கு முன் குப்பையே இல்லையே. அங்கே கிடப்பது அவர் பிடுங்கிப்போட்ட தேள்கொடுக்கு மட்டும்தானே. அவருக்கு அந்துப்பூச்சி என்றால் அரிசிச் சாக்கில் வருகிற மண்ணிறப் பூச்சி. அவளுடைய படத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காத மனுசன் கறுப்பும் சிவப்புமாக ஒன்றைக் கண்டால் என்னவென்று சொல்வார்?

சோறு தட்டில் விழவில்லை, மேசையில் விழுந்தது. அவள் ஓடினாள். ஒன்றும் விளங்காமல் வினோஜாவும் எச்சில் கையோடு பின்னால் ஓடினாள்.

வல்லிபுரம் குவியலுக்கு எட்டடி இப்பால் நின்றார். கையில் காய்ந்த காவோலை பிடித்து எரிந்தது. அதைத் தூக்கி வீச அவர் கையைப் பின்னால் கொண்டுபோன நேரத்தில், கேதீஸ்வரி அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்தாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் அவரை அப்படிப் பிடித்ததில்லை. ஓலையைப் பறித்து மாட்டுத்தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். சுர் என்று புகை எழுந்தது.

"விசரே உமக்கு? குத்தப்போகுது" என்றார் அவர்.

அவள் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றைய வெயிலிலும் இன்றைய வெயிலிலும் தேள்கொடுக்கு வாடிக் கறுத்துச் சுருண்டு கிடந்தது. அந்தக் கறுப்பு அசைந்தது. ஒவ்வொரு தண்டிலும், ஒவ்வொரு வாடின பூவிலும் செம்மஞ்சள் சன்னல்கள் திறந்து மூடின. ஒன்று எழும்பிச் சுற்றி இறங்கியது; அதன் வயிற்றில் நீலம் மின்னியது. ஐந்து இருக்கும் என்று நினைத்தாள். பத்து. இல்லை, அதற்கும் மேல்.

வினோஜா மெதுவாக முழந்தாளிட்டாள். குழம்பு படிந்த வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு தண்டுக்கு அரை அடி தூரம்வரை முகத்தைக் கொண்டுபோனாள்.

"அன்ரி" என்றாள் கடைசியில், குரலே இல்லாமல். "உங்கட படத்தை ஒருக்கா எடுங்கோ. பழைய படம்."

கேதீஸ்வரி இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்துத் தேடினாள். அவசரத்தில் படம் இரண்டுதரம் தப்பிப்போனது. வினோஜா இடது கையால் படத்தைப் பெரிதாக்கினாள். பூச்சியை அல்ல, அது இருந்த தண்டை.

"முறிஞ்சு கிடக்கு. பாருங்கோ, இலை வாடியிருக்கு."

"சின்னத்தங்கத்தின்ர ஆடு மிதிச்சது. ரெண்டு நாளைக்கு முதல்."

"ஆடு மிதிச்சதாலதான் வந்தது அன்ரி. நீங்கள் தண்ணி ஊத்தி வளர்த்தபடியாலதான் வராமல் விட்டது." சிரிப்பு வந்து அவளுக்குத் தோள் குலுங்கியது. "வாடின தேள்கொடுக்குக்குத்தான் இந்தக் குடும்பத்துப் பூச்சியள் வரும் எண்டு நான் படிச்சனான். படிச்சுப்போட்டு விடியத் துவக்கம் பச்சைச் செடிக்குப் பின்னால உங்களை இழுத்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்."

பிறகு அடங்கின குரலில், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். செடி வாட வாட அதற்குள் இருக்கிற ஒரு நஞ்சின் வாசம் காற்றில் ஏறும். தூரத்தில் இருக்கிற பூச்சி அதைப் பிடித்துக்கொண்டு வரும். அந்தச் சாறு உடம்பில் ஊறிவிட்டால் குருவி தொடாது. குளவியின் உடுப்புக்கு மேல் இது இரண்டாவது காவல். தலையில இருக்கிற கொம்பைப் பாருங்கோ, சீப்பு மாதிரி இருக்கு, இது ஆண். அதுவும் ஆண். இதில வந்திருக்கிறதில அரைவாசிக்கு மேல ஆண்தான் அன்ரி.

"கள்ளுத் தவறணை மாதிரி" என்றாள் கேதீஸ்வரி.

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பின் காற்றுக்கு இரண்டு பூச்சிகள் எழும்பி மறுபடியும் இருந்தன.

படம் எடுக்கவேண்டும். வினோஜாவின் கமரா வீட்டுக்குள் பையில் இருந்தது. அதை எடுக்க ஓடினால் நிலம் அதிரும், கலைந்துவிடுமோ என்ற பயம். நீங்களே எடுங்கோ என்றாள். கேதீஸ்வரி கைபேசியைத் தூக்கினாள். மேலே ஓரத்தில் இரண்டு ஐம்பது என்று இருந்தது. நிருபன் நல்ல நித்திரையில் இருப்பான். இந்தப் படத்துக்குள்ளும் இரவு இரண்டு ஐம்பது என்று பதியும். அவள் கை தயங்கியதை வினோஜா பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் இடது மணிக்கட்டை மெல்ல நீட்டி, வாடின பூவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். கைக்கடிகாரத்தில் ஒன்று இருபது. அதன் கண்ணாடிமேல் ஒரு பூச்சியின் நிழல் விழுந்தது.

கேதீஸ்வரி எடுத்தாள். மறுபடி எடுத்தாள். எத்தனை என்று எண்ணவில்லை.

"முப்பத்தொண்டு, முப்பத்திரண்டு" என்று வினோஜா பூச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "அன்ரி, பட்டியலில கண்டவர் பெயர் எண்டு ஒரு இடம் இருக்கு. உங்கட முழுப்பெயர் என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வல்லிபுரத்தின் குரல்தான், ஆனால் யாரோ கழுத்தைப் பிடித்திருப்பதுபோல மெல்லியதாக.

"இஞ்சேரும். என்னில ஒண்டு இருக்குது."

திரும்பினார்கள். நேற்று அவர் செடிகளை நெஞ்சோடு அணைத்துச் சுமந்த சட்டை அது. சாறு பட்ட இடமெல்லாம் பச்சைக் கறையாகக் காய்ந்திருந்தது. இடது பக்கத்துப் பொக்கற்றின்மேல் ஒன்று இருந்தது. கைமடிப்பில் இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கைகளையும் அகல விரித்தபடி, நெருப்புப்பெட்டியை இன்னும் பிடித்தபடி, இமை கொட்டாமல் நின்றார்.

"அசையாதேங்கோ அங்கிள்" என்றாள் வினோஜா. "குத்தாது. அதுக்குக் கொடுக்கே இல்லை."

"அதுக்குத் தெரியுமோ அது?" என்றார் அவர்.

வேலிக்கு மேலால் சின்னத்தங்கத்தின் தலை தெரிந்தது. புகை மணத்துக்கு வந்திருக்கிறாள். "என்ன வல்லிபுரம் அண்ணை, வயல் வெருளி மாதிரி நிக்கிறியள்?" என்று கேட்டாள். அவளுடைய ஆடும் வேலிக்குள்ளால் மூக்கை நீட்டிப் பார்த்தது.

கேதீஸ்வரி கைபேசியோடு ஓரடி முன்னால் வைத்தாள். முப்பத்தைந்து வருடமாகப் பார்க்கிற முகம் சன்னல் திறந்த பூச்சிக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது. அவருடைய கண்கள் மட்டும் கீழே உருண்டு, தன் நெஞ்சில் இருப்பதைப் பார்க்க முயன்றன. முதல்தரம் பார்க்கிறார். நீலத்தைக் கண்டிருக்கவேண்டும். இறுகியிருந்த வாய் தளர்ந்தது.

"அந்து எண்டது இதையோ?" என்று கேட்டார்.

அவள் தலையாட்டினாள். அவர் மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டார். குவியலிலிருந்து மூன்றாவது ஒன்று எழும்பியது. வெயிலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, விரித்த வலது கையின் பக்கமாக, நெருப்புப்பெட்டியை நோக்கி மெதுவாக இறங்கியது.